பட்டாளத்தார் முகங்களுக்கு ஒரு பதிவேடு

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி வீரமரணம் அடைந்தார். தகவல் தெரிந்த கொஞ்ச நேரத்தில் சீருடையில் இருக்கும் அவர் படம் தமிழ்நாடு முழுக்கச் செல்போன்களில் பரவியது. நாளிதழ்களில் வந்தது, அஞ்சலித் தட்டிகளில் ஏறியது. 1999 மே மாதம் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்த திருச்சி மேஜர் சரவணனின் முகமும் மக்கள் மனதில் பதிந்த முகம்தான்.

இவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறை முந்திப் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் நிலை வேறு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் “எங்க பெரிய தாத்தா பர்மா சண்டையில போயிட்டாரு” என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. எந்த வருஷம், எந்த ரெஜிமென்ட் என்று கேட்டால் பதில் வராது. படம் இருக்கிறதா என்றால், “பாட்டியோட டிரங்குப் பெட்டியில ஒண்ணு கிடந்துச்சு, வீடு இடிச்சுக் கட்டினப்ப எங்க போச்சோ” என்பார்கள். அந்தப் பாட்டி உயிரோடு இருந்தவரை முகத்தை அடையாளம் சொல்ல ஒருவர் இருந்தார். இப்போது படமே கிடைத்தாலும், அதில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இல்லாத நிலை வந்துவிட்டது.

இந்தத் தேடலை இதுவரை அவரவர் குடும்பத்தின் சொந்தக் காரியமாகவே விட்டுவைத்திருக்கிறோம். அதனால்தான் பெரும்பாலான தேடல்கள் பாதியில் நின்றுபோகின்றன. பெயரும் ஊரும் ஒரு வீட்டில் இருக்கும். படம் இன்னொரு வீட்டில், வேறு ஒருவர் பக்கத்தில் நிற்பவராக இருக்கும். படை எண்ணும் இறந்த தேதியும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கும். மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. மாவட்ட நிர்வாகம் அதைக் கையில் எடுத்து, இவர்களுக்கென ஒரு படப் பதிவேட்டை உருவாக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் பலம் 25 லட்சத்தை எட்டியது. இறந்தவர்கள் 87,000 பேருக்கும் மேல். பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கிய 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்விடக்கூடிய ஊரின் பெயர், இன்றைய தான்சானியாவின் போர் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

1920-களில் கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் 1941-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டுமே போரில் இருந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. லாரி ஓட்டியவர்கள், பாலம் போட்டவர்கள், மருத்துவமனையில் காயம் கட்டியவர்கள், சமைத்தவர்கள், ரயில்பாதை போட்ட தொழிலாளர் படையினர் என்று தமிழர்கள் எல்லா வேலையிலும் இருந்தார்கள். காஞ்சிபுரம் அருகே கீழஓட்டிவாக்கத்தில் பிறந்தவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியியல் படையின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தானே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்தது. அவரைப் பற்றித் தேடுகிறவருக்கு அரசிதழ் உண்டு, நூல்கள் உண்டு. பதக்கம் எதுவும் பெறாத லாரி ஓட்டுநருக்கும் சமையல்காரருக்கும் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை விட்டால் பெரிதாக வேறு ஆவணம் இல்லை.

அவர்களின் பெயர்களாவது ஒழுங்காகப் பதியப்பட்டனவா? 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் உலகம் முழுவதும் 17 லட்சம் பேரின் நினைவைப் பேணுகிறது. யாங்கோன் அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். ஆனால் இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் பலகைகளில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை அவரவர் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள். 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியே நினைவுகூரப்படவில்லை என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

பெயரிலேயே இந்த நிலை என்றால், முகத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? பிரான்சில் 1915-இல் இந்தியப் படையினரை ஹில்டன் கிர்ட்வுட் எடுத்த படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதுபோன்ற போர்க்காலப் படங்களின் அடிக்குறிப்புகளில் படைப்பிரிவின் பெயர் இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்கும், வரிசையில் நிற்கும் சிப்பாயின் பெயர் பெரும்பாலும் இருக்காது. உலகின் பெரிய காப்பகங்களில் பெயரில்லாத முகங்கள் இருக்கின்றன. நம் ஊர் வீடுகளில் முகமில்லாத பெயர்கள் இருக்கின்றன.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இன்றைக்கு ஒருவர் தேடத் தொடங்கினால் என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது படை எண். வெறுமனே பெருமாள் என்றோ கருப்பையா என்றோ தேடினால் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். எண் தெரிந்தால் தேடல் வெகுவாகச் சுருங்கும். பாட்டி வாங்கிய பென்ஷன் தாள், மணியார்டர் ரசீது, படையிலிருந்து வந்த கடிதத்தின் உறை ஆகியவற்றில் அது இருக்கலாம். முதல் உலகப் போருக்காக வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். வெள்ளி என்பதற்காக அதை உருக்கிவிட்ட வீடுகளில் அந்தத் துப்பும் போய்விட்டது.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் படைப்பணியில் இறந்தவர்களை அதில் தேடலாம். கட்டணம் கிடையாது. சிலரது பதிவில் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். இங்கேதான் இந்த வட்டாரத்துக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1985-இல் காமராசர் மாவட்டம் ஆனது. 1997-இல் அதற்கு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. விருதுநகர் மாவட்டம் என்று போட்டு 1944-இல் இறந்தவரைத் தேடினால் ஒன்றும் வராது. ராமநாதபுரத்தைப் பழைய ஆங்கில வழக்கில் ‘ராம்நாட்’ என்று போட வேண்டும். ஊர்ப் பெயரையும் நான்கைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் முயல வேண்டும். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதிய எழுத்தர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1947-க்குப் பிறகு இறந்தவர்களுக்கு டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 26,000 பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. படைப்பிரிவு தெரிந்துவிட்டால் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன் மையம், சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூரு மையம் என்று எழுதிக் கேட்க முகவரி கிடைத்துவிடும். விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உண்டு.

இத்தனையும் செய்தால் பெயர், எண், தேதி, நினைவிடம் கிடைக்கலாம். படம் கிடைக்காது. ஏனென்றால் படம் இருக்கும் இடம் வேறு.

முதல் இடம், சொந்த வீடு. பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்கள் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். எழுதிய திரைச்சீலை, பூந்தொட்டி ஸ்டாண்டு, மணிக்கட்டுக் கடிகாரம் தெரிய மடித்து வைத்த கை. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, முதல் குழந்தை பிறந்த பிறகு ஒன்று. இந்தப் படங்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சில நேரம் அதிகம் பேசும். ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்று தெரியும். ஊர் தெரிந்தால் அப்போது அவர் இருந்த முகாம் எது என்று ஊகிக்கலாம். பென்சிலில் கிறுக்கிய எண் பெரும்பாலும் நெகடிவ் எண். தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் படைப்பிரிவு தெரியும். பிற்காலப் படங்களில் தொப்பியில் யானைச் சின்னம் இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். பிரேம் போட்டு மாட்டிய படத்தில் இந்தப் பின்பக்கம் அட்டைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பலர் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

அடுத்த இடம், உடன் சேவை செய்தவரின் வீடு. பயிற்சி முடித்தபோது எடுத்த குழுப்படம், கம்பெனிப் படம், ஹாக்கி அணிப் படம் ஆகியவை உயிரோடு திரும்பியவரின் வீட்டுச் சுவரில் தொங்கும். அவர் பேரன் அதில் தன் தாத்தாவை மட்டும் காட்டுவார். இரண்டாவது வரிசையில் நிற்கும் இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குடும்பம் நாற்பது ஆண்டுகளாகத் தேடும் ஆளாக இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இந்தச் சுவரைப் பற்றித் தெரியாது. இந்தப் பேரனுக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியாது. தனித்தனியாகத் தேடும்வரை இருவரும் சந்திக்கப் போவதில்லை.

மூன்றாவது இடம், பழைய ஸ்டுடியோக்கள். இங்கே நமக்கு நல்ல முன்னோடி இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்தது. கண்ணாடி நெகடிவ்களும் அட்டையில் ஒட்டிய குடும்பப் படங்களும் பரணிலிருந்தும் பழைய பெட்டிகளிலிருந்தும் காப்பகத்துக்கு வந்தன. டிஜிட்டல் வந்த பிறகு கடையை மூடிய எத்தனையோ ஸ்டுடியோக்காரர்கள் நெகடிவ்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பவை இன்னும் சில மழைக்காலங்களையே தாங்கும்.

மற்ற நாடுகளில் இந்த வேலையை ஊர்கூடிச் செய்திருக்கிறார்கள். லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1917-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இறந்தவர்களின் படங்களை அனுப்பும்படி குடும்பங்களைக் கேட்டது. 16,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அமெரிக்காவில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படமாவது தேடுவது என்று இறங்கினார்கள். உள்ளூர் நூலகங்களில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியும் பள்ளி ஆண்டு மலர்களைப் பார்த்தும் தன்னார்வலர்கள் தேடினார்கள். 2022-இல் அந்தப் பட்டியல் முழுமையானது. நெதர்லாந்தின் மார்கிராட்டன் கல்லறையில் 8,000-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் ஒவ்வொரு கல்லறையையும் தத்தெடுத்துப் பராமரிக்கின்றன. 2015 முதல் வீரர்களின் படங்களைத் தேடி எடுத்துக் கல்லறைகளின் அருகே வைக்கிறார்கள். வேற்று நாட்டவனின் முகத்தைக் கடல் கடந்து தேடுகிற மக்கள் அவர்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து, முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாப் மாகாணத்து வீரர்கள் 3,20,000 பேரின் விவரங்களை டிஜிட்டல் ஆக்கி 2021 நவம்பரில் வெளியிடத் தொடங்கினார்கள். இன்று பஞ்சாபிக் குடும்பங்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தே முன்னோரைத் தேடுகின்றன. மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒரு முயற்சி ஏன் இல்லை?

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை நாம் ஏன் நினைவுகூர வேண்டும் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. மழை பொய்த்த கரிசல் காட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றுக்காகப் போனவர்கள் அவர்களில் ஏராளம். எந்தக் கொடியின் கீழ் இறந்தாலும் அழுதது நம் ஊர்ப் பெண்தான். அதே மலாயாவில், அதே பர்மாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து மடிந்த தமிழர்களின் பெயர்கள் ஆணையத்தின் பட்டியலில் இல்லை. அவர்களுக்கும் இந்தப் பதிவேட்டில் இடம் வேண்டும். எதிரெதிர் அணியில் நின்றவர்கள் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பியாக இருந்திருக்கிறார்கள். ஒருவர் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவர் படத்தை விடுவது நியாயமாகாது. சாம்ராஜ்யத்தைப் போற்றுவதற்காக யாரும் இதைக் கேட்கவில்லை. அந்த சாம்ராஜ்யம் எண்ணிக்கையாக எழுதி முடித்தவர்களை நாம் ஆட்களாக மீட்டெடுக்கலாம் என்பதுதான் கோரிக்கை.

ஒரு புதிய ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மங்கிய படத்தைக் கொடுத்தால் ஏஐ செயலி சில நொடிகளில் பளிச்சென்ற வண்ணப் படமாக்கித் தருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாத மூக்கையும் கண்ணையும் அது தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. பதக்க ரிப்பனின் நிறத்தை மாற்றிவிடுகிறது. தோள்பட்டை எழுத்துகளை அர்த்தமில்லாத கோடுகளாக்கிவிடுகிறது. படைப்பிரிவைக் காட்டக்கூடிய ஒரே தடயம் அதோடு அழிகிறது. மங்கலாக இருந்தாலும் அசல்தான் ஆவணம். மெருகேற்றிய படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்; பதிவேட்டுக்கு அசலின் பிரதியே வர வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, நாள் குறித்தால் போதும். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அன்றைக்கு உண்டியல் வசூலோடு படங்களைப் பிரதி எடுக்கும் முகாமையும் சேர்த்து நடத்தலாம். விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் முன்னின்று ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என்று தொடங்கட்டும். ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, தமிழ் தட்டச்சு தெரிந்த இரண்டு மாணவர்கள், பட்டாள வழக்கு தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தால் ஒரு மேசை இயங்கும். படத்தை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கண்ணெதிரே பிரதி எடுத்து அப்போதே திருப்பித் தர வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்துப் படம் பிடிக்கலாம். குழுப்படம் என்றால் தெரிந்த முகங்களுக்குப் பெயர் எழுதி, தெரியாதவர்களுக்கு வரிசை எண் போட்டு வைத்தால், அடுத்த முகாமில் இன்னொரு பாட்டி வந்து ஒருவரை அடையாளம் காட்டுவார்.

முகாமுக்கு வர முடியாத முதியவர்களின் வீட்டுக்கு மாணவர்கள் போக வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். படத்தோடு அந்தப் பெரியவரின் குரலையும் செல்போனில் பதிவு செய்ய வேண்டும்: அவர் எந்த வழியாகப் போனார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது, தந்தி வந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள். 1944-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

பள்ளிகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். எழுபது எண்பது ஆண்டு பழைய பள்ளிகளின் வகுப்புப் படங்களும் சேர்க்கைப் பதிவேடுகளும் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கின்றன. 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில் போன்ற பழைய ஆலைகளின் தொழிலாளர் குழுப்படங்களையும் தேடலாம். பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தின முகம் அவற்றில் கிடைக்கக்கூடும்.

ஒரு மாவட்டத்தில் நடந்து காட்டினால் மற்ற மாவட்டங்கள் பின்பற்றும். பட்டாளத்துக்குப் பரம்பரையாக ஆள் அனுப்பும் ஊர் என்று பெயர் பெற்ற வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போன்ற இடங்களில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். திரட்டிய படங்கள் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு, முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே தெரியாமல். இணையம் எட்டாத பெரியவர்களுக்காக அச்சிலும் ஒரு தொகுதி வர வேண்டும். அதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கும் சிவகாசி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. முதல் தொகுதியை அங்கே அச்சிட்டு, படம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி இலவசமாகக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.